கவுன்சிலிங் போவதற்கு முன்னால்: எதிரில் உட்காரப் போகிறவர் யார்?

கவுன்சிலிங் போகலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள், சரி போய்விடலாம் என்று முடிவெடுத்த அன்றைக்கு, யாரிடம் போவது என்பதை மட்டும் பத்தே நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். கூகுள் மேப்பில் வீட்டுக்குப் பக்கத்தில் எது வருகிறதோ அது. இல்லையென்றால் ஆபீஸில் யாரோ சொன்ன பெயர். அதுவும் இல்லையென்றால் யூடியூபில் கணீரென்று பேசுகிற ஒருவர். அங்கே போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் "பாசிட்டிவா யோசிங்க, காலையில சீக்கிரம் எழுந்திருங்க, பெத்தவங்களை நினைச்சுப் பாருங்க" என்று கேட்டுவிட்டு, ஆயிரம் ரூபாயும் கொடுத்துவிட்டு, "கவுன்சிலிங் எல்லாம் சும்மா" என்ற முடிவோடு வெளியே வருகிறார்கள். எனக்கு இதில்தான் ஆற்றாமை. அவர்களுக்குக் கிடைத்தது கவுன்சிலிங்கே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் வேறு யாரிடமும் போகப் போவதில்லை.

அதனால் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி, எதிரில் உட்காரப் போகிறவர் யார் என்பதுதான். நம் ஊரில் நாலைந்து வகையான ஆட்களைச் சேர்த்து "கவுன்சிலர்" என்றுதான் சொல்கிறோம்.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் டாக்டர். எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்டியோ டிஎன்பியோ டிப்ளமோவோ படித்திருப்பார், மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கும். மாத்திரை எழுதுகிறவர் இவர். கூட்டம் நிறைந்த ஓபியில் ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேச அவரால் முடியாது, அதனால் பேசி நடத்த வேண்டிய சிகிச்சையைப் பெரும்பாலும் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பிவிடுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் டாக்டர் இல்லை, மாத்திரை எழுத மாட்டார்; ஆனால் சைக்காலஜியில் எம்ஏவோ எம்எஸ்சியோ முடித்தபின் பெரும்பாலும் மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்ந்த இரண்டு வருஷ எம்ஃபில் படித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது எல்லோரும் ஆர்சிஐ என்று சொல்கிற அமைப்பில், பதிவு செய்திருப்பார். 1992-ம் வருஷச் சட்டத்தின்படி நடக்கிற அமைப்பு அது. பதிவு எண் கேட்டால் தருவார், ஆர்சிஐ இணையதளத்தில் பெயரைப் போட்டும் தேடிப் பார்க்கலாம். இவர்களோடு மனநலச் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள், மருத்துவமனைகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதில் இவர்கள் கை தேர்ந்தவர்கள்.

குழப்பம் இதற்குப் பிறகுதான். கவுன்சிலிங் சைக்காலஜியில் எம்எஸ்சி படித்து, ஒழுங்காக ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி எடுத்து, அருமையாக வேலை செய்கிறவர்களும் "கவுன்சிலர்" என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்த லைஃப் கோச்சும், வார இறுதியில் ஹிப்னோதெரபி கற்றுக்கொண்டவரும் அதே வார்த்தையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-ல் வந்த சட்டம் கவுன்சிலர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் பதிவு இல்லாத ஒருவர் டாக்டர் போர்டு வைத்தால் என்ன ஆகுமோ அது கவுன்சிலர் போர்டு வைத்தால் நடைமுறையில் ஆவதில்லை. அப்படி ஒருவர் உங்களிடம் தவறாக நடந்துகொண்டாலோ, நீங்கள் சொன்னதை வெளியே சொன்னாலோ, அவருடைய பதிவை ரத்து செய் என்று புகார் கொடுக்க ஒரு இடம் கிடையாது, ஏனென்றால் ரத்து செய்யப் பதிவே இல்லை. படிப்பைப் பற்றிக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான், பட்டத்தின் மேல் உள்ள மோகத்தால் இல்லை.

எப்படிக் கேட்பது? அப்பாயின்ட்மென்ட் போடும்போதே போனில் கேட்டுவிடலாம். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், என்னுடையதைப் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, உங்களுக்கே சந்தேகம் வந்தால் யாரிடம் கலந்து பேசுவீர்கள். கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. நன்றாக வேலை செய்கிற கவுன்சிலருக்கு மூத்தவர் ஒருவர் மேற்பார்வையாளராக இருப்பார், பெயர் சொல்லாமல் கேஸைப் பற்றி அவரிடம் கலந்து பேசுவார். "எனக்கு எதுக்குங்க இன்னொருத்தர், இருபது வருஷ அனுபவம்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். டாக்டர் மாதிரி இருக்கிறவரைப் பார்த்து "என்ன படிச்சிருக்கீங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம், அது தெரிகிறது. முறையாகப் படித்தவர் யாரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

சில விஷயங்களுக்கு முதலில் டாக்டர், அப்புறம்தான் கவுன்சிலிங். எப்போதும் சோர்வு, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்றால் தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு இவற்றை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவது நல்லது. இவை மனச்சோர்வைப் போலவே வேஷம் போடும். யாரோ பேசுவது காதில் கேட்கிறது, எல்லோரும் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்ற உறுதியான எண்ணம், பல நாள் தூங்காமலே அளவுக்கு மீறிய உற்சாகம், பிரசவத்துக்குப் பின் தாய் குழப்பமாகப் பேசுவது, இதெல்லாம் சைக்கியாட்ரிஸ்டிடம் உடனே போக வேண்டியவை. தினமும் குடிக்கிற ஒருவர் "நாளையிலிருந்து நிறுத்திடறேன்" என்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து, அவருக்கும் முதலில் மருத்துவமனைதான். அப்புறம், இப்போதே உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற நிலையில் இருப்பவர் அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக் கூடாது. பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கியது, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மாத்திரை பற்றிய பயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "மாத்திரை ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா விட முடியாது" என்று நூறு பேர் சொல்வார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்று முதலில் கொடுக்கப்படும் மாத்திரைகள் அடிமையாக்குகிற வகை இல்லை. வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரமாவது ஆகும், முதல் சில நாள் குமட்டலும் தலைவலியும் இருக்கலாம், பலரும் அந்த நாட்களில்தான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், சட்டென்று விட்டால் தலைசுற்றும். பழகிப்போகிற ஆபத்து உள்ளவை வேறு, அல்பிராசோலம் மாதிரியான பதற்றக் குறைப்பு, தூக்க மாத்திரைகள். மருந்துக் கடையில் தெரிந்த அண்ணனிடம் கேட்டு வாங்கிப் போடுவது பெரும்பாலும் இந்த வகையைத்தான், அதுதான் கவலையான விஷயம்.

சரி, ஆளைத் தேர்ந்தெடுத்தாயிற்று. முதல் செஷனில் என்ன நடக்கும்? பெரிதாக ஒன்றும் தீராது, இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு போனால் பாதி ஏமாற்றம் குறையும். நாற்பத்தைந்து, ஐம்பது நிமிஷம். முதலில் ஒரு ஃபாரம், அதில் வயது, வேலை, வீட்டில் யார் யார், எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று இருக்கும். கட்டணம், வரமுடியாவிட்டால் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்வது எந்தச் சூழ்நிலையில் வெளியே போகும் என்பதெல்லாம் எழுதிய ஒரு ஒப்புதல் தாளும் இருக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, எப்போதிலிருந்து இப்படி, அதற்கு முன்னால் ஏதாவது நடந்ததா. குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா என்று கேட்டால் முதலில் யாருக்கும் இல்லை என்றுதான் சொல்வோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பல வருஷம் மாடி அறையை விட்டு இறங்காமலே இருந்த பெரியப்பா ஞாபகத்துக்கு வருவார், "பேய் பிடித்த" அத்தை ஞாபகத்துக்கு வருவார். இதையெல்லாம் சொல்ல வேண்டும். சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்றும் நேராகவே கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணம் என்றைக்குமே குற்றமாக இருந்ததில்லை; முயற்சி செய்தவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்று 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

போய்விட்டு வந்த அன்றைக்குச் சிலருக்கு லேசாக இருக்கும், சிலருக்குப் போனதைவிட மோசமாக இருக்கும். பல வருஷம் மூடி வைத்ததைத் திறந்தால் அன்றிரவு தூக்கம் வராமல் போவது சகஜம். அன்றைக்குச் சாயங்காலம் விருந்தாளி, கல்யாண வரவேற்பு, மேனேஜருடன் மீட்டிங் என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடிந்தால் நல்லது.

என்ன செய்ய வேண்டும் என்று கவுன்சிலர் சொல்லிவிடுவார் என்ற எதிர்பார்ப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. டைவர்ஸ் பண்ணலாமா, வேலையை விடலாமா, அந்தப் பையனைக் கட்டிக்கலாமா, சொல்லுங்க மேடம். அவர் சொல்ல மாட்டார். அறிவுரைக்கு நம் வீடுகளில் பஞ்சமே இல்லை, அத்தை மாமாவிலிருந்து அபார்ட்மென்ட் செகரெட்டரி வரை சொல்லிவிட்டார்கள், அதில் தீர்ந்திருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள். அவர் செய்வது வேறு வேலை. 1960-களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய சிபிடி முறையை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற சிகிச்சையை, எடுத்துக்கொள்வோம், நம் ஊரில் நிறையப் பேர் பயன்படுத்துவது இதுதான். மேனேஜரிடமிருந்து "கேபினுக்கு வாங்க" என்று ஒரு மெசேஜ் வருகிறது, உங்களுக்கு உள்ளங்கை வியர்த்து வயிறு கலங்குகிறது. அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடியது என்று கேட்பார். "ஒண்ணும் ஓடல, பயமா இருந்துச்சு" என்பீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் "வேலை போச்சு, இஎம்ஐ கட்ட முடியாது, மாமனார் வீட்டுல தலைகுனிவு" என்ற தொடர் வெளியே வரும், இரண்டு நொடியில் ஓடிய தொடர். நோட்டில் கட்டம் போட்டு அதை எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, இதுவரை அப்படி எத்தனை முறை கூப்பிட்டார், எத்தனை முறை வேலை போனது என்று பார்க்கச் சொல்வார். அடுத்த வாரம் வரைக்கும் தினமும் எழுதிவரச் சொல்வார். வீட்டுப்பாடம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. எழுதாமல் போனால் அந்த ஐம்பது நிமிஷம் மட்டும்தான் உங்களுக்குச் சிகிச்சை.

ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்ய வைக்கிற நோய், உள்ளவர்களுக்கு வேறு முறை: அழுக்கு என்று தோன்றுவதைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல், அந்தப் பதற்றம் தானாக இறங்கும்வரை இருக்கப் பழகுவது. சிரமமானது, ஆனால் நன்றாக ஆராய்ந்து நிரூபித்த முறை. எல்லோரும் இப்படிக் கட்டம் போட்டு வேலை செய்வதில்லை. சிலர் பழைய வாழ்க்கையைப் பொறுமையாகத் திரும்பிப் பார்க்க வைப்பார்கள், சிலர் குடும்பத்தையே சேர்த்து உட்கார வைப்பார்கள். என்ன முறையில் போகப் போகிறோம், எதற்காக, எத்தனை செஷன் ஆகலாம் என்று இரண்டாவது மூன்றாவது செஷனுக்குள் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ரகசியம், இதைப் பற்றித்தான் எல்லோருக்கும் உள்ளூரக் கவலை. மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, மனநலச் சிகிச்சை பற்றிய தகவல் ரகசியமாக இருப்பதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. அப்பா கேட்டார், கணவர் கேட்டார் என்பதற்காகச் சொல்லிவிட முடியாது. விதிவிலக்கு உண்டு: உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால், கோர்ட் கேட்டால், பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால். கடைசியாகச் சொன்னதை மறைக்கவே கூடாது என்கிறது 2012-ன் போக்சோ சட்டம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் சம்மதம் தேவை, சிகிச்சை எப்படிப் போகிறது என்றும் சொல்வார்கள், ஆனால் "உள்ளே என்ன சொன்னா?" என்று வரிக்கு வரி கேட்டால் அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் அங்கேயும் வாயைத் திறக்க மாட்டாள்.

சட்டம் ஒரு பக்கம், ரகசியம் உண்மையில் ஒழுகுவது வேறு ஓட்டைகளில். ஜாயின்ட் அக்கவுன்டிலிருந்து ஜிபே செய்தால் கணவர் போனுக்கு மெசேஜ் போகும், கிளினிக்கின் பெயரோடு. மாமியார் வீட்டு டேப்லெட்டில் உங்கள் கூகுள் அக்கவுன்ட் திறந்தே இருக்கும், காலண்டரில் அப்பாயின்ட்மென்ட் தெரியும். சின்ன ஊர் என்றால் ரிசப்ஷனில் இருப்பவர் தூரத்துச் சொந்தமாகவே இருப்பார். இது உங்களுக்குப் பிரச்சினை என்றால் முதல் போனிலேயே சொல்லுங்கள், ரொக்கமாக வாங்கிக்கொள்வார்கள், கூட்டமில்லாத நேரம் தருவார்கள், எந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பலாம் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். ஆன்லைன் செஷன் இந்தத் தொல்லையில் பாதியைத் தீர்க்கும், கூடவே புதிதாக ஒன்றைக் கொண்டுவரும்: இரண்டு ரூம் வீட்டில் எங்கே உட்கார்ந்து அழுவது? மொட்டை மாடியிலும், நிறுத்திய காருக்குள்ளும், ஆபீஸ் முடிந்தபின் காலியான மீட்டிங் ரூமிலும் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் நேரில் போவதே மேல்.

அப்புறம், கவுன்சிலருக்கும் சாதி உண்டு, மதம் உண்டு, கல்யாணம் பற்றிய கருத்து உண்டு. அதை உங்கள் மேல் இறக்காமல் இருக்கக் கற்றவர்தான் நல்ல கவுன்சிலர். அடி வாங்குகிற ஒரு பெண்ணிடம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போங்கம்மா" என்று சொல்கிறவரிடம் இரண்டாவது முறை போக வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் அடிதடி இருக்கும்போது கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவதே பாதுகாப்பில்லை, உள்ளே சொன்னதற்கு வீட்டில் அடி விழும், முதலில் தனித்தனியாகப் பேசுவதுதான் முறை. ஓரினச் சேர்க்கையாளர்களையும் திருநர்களையும் "மாற்றிக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் அது சிகிச்சையே இல்லை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட மாற்று முயற்சிகளுக்குத் தடை போட்டார். அந்த வழக்கில் என்னை மிகவும் தொட்டது தீர்ப்புக்கு முன்னால் நடந்தது. இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு சைக்காலஜிஸ்டிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் எழுதினார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது டாக்டர்களுக்குத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

காசு. தனியாரிடம் ஒரு செஷனுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் வரை ஆகிறது, ஊருக்கும் ஆளுக்கும் தகுந்தபடி. வாரத்துக்கு ஒரு முறை என்றால் மாதத்துக்கு நாலு, அதைக் கணக்குப் போட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும், பாதியில் காசில்லாமல் நிறுத்துவது ரொம்பவும் கஷ்டம். வருமானத்துக்குத் தகுந்தபடி குறைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். உடல் நோய்க்கு இருப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ல் நிறைவேறிய அதே மனநலச் சட்டம் சொல்கிறது, ஆனால் சாதாரண பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும், ஓபி செலவுக்குத் தனிக் கவர் வேண்டும்.

இலவசமாகவும் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் டாக்டரும் சைக்காலஜிஸ்டும் இருப்பார்கள், குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், தனியறை எப்போதும் கிடைக்காது, அதெல்லாம் உண்மைதான். சென்னையில் கீழ்ப்பாக்கம். அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம், 1794-ல் தொடங்கிய அந்த மருத்துவமனையில் தூக்கம் வராதவரும் பரீட்சை பயத்தில் இருக்கும் மாணவரும் ஓபியில் காட்டிவிட்டு மாத்திரையோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு, நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சையே கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. வரிசையில் நிற்கிற சிரமத்தைச் சொல்லும்போது இந்த எண்ணையும் சேர்த்துத்தான் நான் யோசிக்கிறேன்.

எத்தனை நாள் ஆகும்? பதற்றம், லேசான மனச்சோர்வு போன்றவற்றுக்குச் சிபிடி என்றால் பத்துப் பன்னிரண்டு செஷனில் நல்ல மாற்றம் தெரிய வேண்டும். சின்ன வயதிலிருந்து தொடர்கிற காயங்களுக்கு அதைவிட நிறைய ஆகும். நாலைந்து செஷன் போயும் இவர் நம்மைப் புரிந்துகொள்ளவே இல்லை என்று தோன்றினால், போகாமல் நின்றுவிடாதீர்கள், அவரிடமே சொல்லுங்கள். "போன வாரம் நீங்க சொன்னது எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்று சொன்னதற்குப் பிறகு சிகிச்சை சூடு பிடிப்பதும் உண்டு, ஏனென்றால் வெளியில் யாரிடமும் சொல்ல முடியாத அதைத்தான் அங்கே முதல் முறையாகச் சொல்லியிருப்பீர்கள். எந்த முறை என்பதைவிட, இருவருக்கும் இடையிலுள்ள நம்பிக்கை எப்படி இருக்கிறது என்பது பலனோடு நெருங்கிய தொடர்புள்ளது என்று பல பத்தாண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சொல்லியும் சரியாகவில்லையா, வேறு ஒருவரைப் பாருங்கள், அது துரோகம் இல்லை. அவரே வேறு ஒருவர் பெயரைத் தருவார்.

ஒழுங்காக நடக்கிற கவுன்சிலிங்கில் முடிவும் திட்டமிட்டே வரும். வாரம் ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒன்றாகும், பிறகு மாதம் ஒன்றாகும். கடைசி ஒன்றிரண்டு செஷனில், திரும்பவும் சரிவு ஆரம்பித்தால் உங்களுக்கு முதலில் தெரிகிற அடையாளம் எது என்று சேர்ந்து எழுதிக்கொள்வீர்கள்: தொடர்ந்து சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருவது, நண்பர்கள் போனை எடுக்காமல் விடுவது, குளிக்கத் தோன்றாமல் போவது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஊர் மாறிப் போவதாக இருந்தால், அடுத்தவரிடம் காட்ட ஒரு சுருக்கக் கடிதமும், மருந்துச் சீட்டுகளின் நகலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே உங்களுக்குள்ள உரிமை, புது இடத்தில் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.